திரையில் டாக்டர்... தொட்டுப் பார்ப்பது யார்?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1990-களில் ஓர் ஆய்வு நடந்தது. கண் சிகிச்சை முகாம் பக்கத்து ஊருக்கே வருகிறது. பரிசோதனைக்குக் காசு கிடையாது. அப்படியிருந்தும், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வருகிறார்கள்? கிராமங்களுக்குள் போய்க் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேர்!

மீதி 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 'வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்' என்ற நினைப்பு, ஆபரேஷன் பயம், கூட்டிப்போக ஆளில்லாதது, ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை... இப்படிக் காரணங்கள் பல. 1999-இல் இந்த முடிவு வெளியானபோது, முகாம்களாலேயே பெயரெடுத்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அது கசப்பான செய்திதான். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, அதற்குள் உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆனாலும் வாசலுக்கு வராத 93 பேர் வராமலேயே இருந்தார்கள்.

அவர்களுக்காக அரவிந்த் கண்டுபிடித்த வழியிலிருந்து டெலிமெடிசின் பற்றிய பேச்சைத் தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் இன்று 'வீட்டிலிருந்தபடியே டாக்டர்' என்று செல்போன் திரையில் நாம் பார்க்கும் விளம்பரத்துக்கும் அந்த வழிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆண்டிபட்டியில் கண், தேனியில் டாக்டர்

2004-இல் தொடங்கி தேனி வட்டாரத்தில் 'விஷன் சென்டர்' என்ற பெயரில் சின்னச் சின்ன மையங்கள் வந்தன. ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் என்று மக்கள் சந்தைக்கும் பேங்குக்கும் எப்படியும் வந்துபோகும் ஊர்கள். ஒரு மையத்துக்குச் சுமார் 50,000 மக்கள் என்பது கணக்கு. அன்றைக்கு அந்த ஊர்களில் வீடியோவைத் தாங்கும் இன்டர்நெட் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து, சாதாரண வைஃபையைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இழுக்கும் ஏற்பாட்டைச் செய்து, மையங்களைத் தேனி அரவிந்த் மருத்துவமனையோடு இணைத்தார்கள்.

தொழில்நுட்பத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மையத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டுகள் கண் பரிசோதனையில் பயிற்சி கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவரின் பார்வையை அளப்பது, 'ஸ்லிட் லேம்ப்' கருவியில் தாடையை வைக்கச் சொல்லி விழியின் முன்பகுதியைச் சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என அத்தனையும் அந்தப் பெண்களின் கை வேலை. அதற்குப் பிறகுதான் தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் வருவார். விவரங்களைப் படித்து, நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசி, முடிவு சொல்வார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கண்ணாடி. சொட்டு மருந்து போதும் என்றால் அங்கேயே மருந்து. புரை முற்றியிருந்தால், ஆஸ்பத்திரிக்கு எப்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

புரையைத் திரை வழியே அகற்ற முடியாது. அதற்குக் கத்தி வேண்டும், டாக்டரின் கை வேண்டும். இந்தத் திரையின் வேலை, யாருக்குக் கத்தி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்வது. கண்ணாடி போதும் என்கிறவர் தேனிவரை அலைய வேண்டியதில்லை. ஆபரேஷன் தேவைப்படுகிறவரோ, 'எனக்கு நிஜமாகவே தேவைதானா' என்ற சந்தேகம் தீர்ந்து போகிறார். நேரில் கிடைக்கும் வைத்தியத்தை டெலிமெடிசின் இங்கே குறைக்கவில்லை. அதுவரை வராதவர்களை வரவைத்தது. இன்று அரவிந்தின் விஷன் சென்டர்கள் நூறைத் தாண்டிவிட்டன.

நெஞ்சுவலிக்கு நேரம் கிடையாது

இதே பாடத்தை இதயத்தில் படித்துக் காட்டியது இன்னொரு தமிழ்நாட்டுத் திட்டம். மாரடைப்பு வந்தவர் முதலில் போவது பக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஆஞ்சியோ வசதி இருக்காது. அது இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி எங்கேயோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே போகிற நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். 2012-இல் தொடங்கிய 'ஸ்டெமி' திட்டத்தில் நான்கு பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகளை இணைத்தார்கள். சிறிய ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய்ச் சேரும். அங்கிருக்கும் இதய மருத்துவர் அதைப் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவதா, உடனே வண்டி ஏற்றுவதா என்று சொல்வார். வண்டி, நமக்குத் தெரிந்த 108 ஆம்புலன்ஸ்தான்.

மொத்தம் 2,420 நோயாளிகளைக் கவனித்து இந்தத் திட்டத்தை அளந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. திட்டத்துக்கு முன்பு ஆஞ்சியோ பரிசோதனை கிடைத்தவர்கள் 35 சதவீதம். திட்டத்துக்குப் பிறகு 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். ஓர் இ.சி.ஜி. காகிதம் பயணம் செய்ததால், நோயாளி சரியான மேஜைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார். ஆம்புலன்ஸ் இல்லாமல், ஊசி இல்லாமல், அங்கே ஒரு டியூட்டி டாக்டர் இல்லாமல் அந்த இ.சி.ஜி. மட்டும் பயணம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோய் என்னவென்று தெரிந்துகொண்டே சாக வேண்டியிருந்திருக்கும்.

மனநலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னையின் 'ஸ்கார்ஃப்' அமைப்பு 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். அதே பேருந்துக்குள் மருந்தும் இருந்தது என்பதுதான் திட்டத்தின் புத்திசாலித்தனம். ஆலோசனை சென்னையிலிருந்து வந்து, மாத்திரைக்குப் புதுக்கோட்டை டவுனுக்குப் போகவேண்டும் என்றிருந்தால் பாதிப்பேர் போயிருக்க மாட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று வீட்டுக்குப் போய் விசாரிக்க உள்ளூர்ப் பணியாளர்களும் இருந்தார்கள்.

அரகொண்டாவிலிருந்து இ-சஞ்சீவனி வரை

இந்தியாவில் டெலிமெடிசின் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிள்ளை. 2000 மார்ச்சில், அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊரான ஆந்திராவின் அரகொண்டாவில் இருந்த மையத்தை, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அதன்பின் இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்தது. ஆனாலும் இருபது ஆண்டுகள் இது பெரிய ஆஸ்பத்திரிகளின் காட்சிப்பொருளாகவே இருந்தது. காரணம், சட்டம் வாய் திறக்கவில்லை. போதாக்குறைக்கு 2018-இல் மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் ஒரு வழக்கு. பிரசவமாகி வீடு திரும்பிய பெண் உடல்நிலை மோசமாகி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர்கள் நேரில் இல்லை; போனிலேயே மருந்து சொல்லப்பட்டது; அந்தப் பெண் இறந்துபோனார். டாக்டர்களுக்கு முன்ஜாமீன் தர மறுத்தது பம்பாய் உயர் நீதிமன்றம். நாடு முழுக்க டாக்டர்கள் போனில் மாத்திரைப் பெயர் சொல்லவே அஞ்சினார்கள்.

கொரோனா எல்லாவற்றையும் மாற்றியது. ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நாம் நினைப்பதைவிட நிதானமான ஆவணம் அது. காய்ச்சல் மாத்திரை போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். இன்னொரு பட்டியலில் உள்ளவற்றை முதல்முறையே எழுத வேண்டுமென்றால் வீடியோவில் பார்த்தாக வேண்டும். மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு மட்டும் எழுதலாம். போதை தரும் மருந்துகளை எழுதவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றினால் அந்த நிமிடமே அழைப்பை நிறுத்திவிட்டு நேரில் வரச்சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

மொகாலியில் உள்ள சி-டாக் உருவாக்கிய மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' இந்த விதிகளின் மேல் வளர்ந்தது. 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களுக்காகத் தொடங்கி, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பேசும் வசதியும் வந்தது. அதை முதலில் வாரி அணைத்துக்கொண்ட மாநிலங்களில் முன்வரிசையில் நின்றது தமிழ்நாடு. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் பத்துக் கோடி ஆலோசனைகள் என்று மத்திய அரசு அறிவித்தது. இப்போது அதில் பெரும்பகுதி, கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு பணியாளர் நோயாளியோடு உட்கார்ந்து, தூரத்து டாக்டரை அழைக்கும் முறையில் நடக்கிறது. இது சரியான திசை. விஷன் சென்டரில் இருந்த அந்தப் பெண்ணின் இடத்தில் இங்கே நர்ஸ் இருக்கிறார்.

வீட்டிலிருந்தே பேசும் முறையின் கதை வேறு. அதற்கு முதலில் போன் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். வீட்டில் ஒரே ஸ்மார்ட் போன், அதுவும் மகன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப்படுதலைப் பற்றியோ, கருத்தடையைப் பற்றியோ, கணவன் அடித்த காயத்தைப் பற்றியோ ஒரு பெண் அந்தப் போனில் எப்படிப் பேசுவாள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டுக் காதோடு கேட்கிற அந்த இரண்டு நிமிடத்தை எந்த ஆப்பும் தருவதில்லை. 'வீட்டிலிருந்தே வைத்தியம்' என்பவர்கள் யாருடைய வீடு என்று கேட்டுக்கொள்வதில்லை.

லண்டனில் நடந்த கூத்து

திரை எப்படி நேரடி வைத்தியத்தின் வேரில் கை வைக்கும் என்பதற்கு லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டனில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்திருப்பார்கள். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று அரசு அந்த டாக்டருக்குப் பணம் தரும். 2017-இல் 'பாபிலோன்' என்ற நிறுவனம் செல்போன் வழி டாக்டர் சேவையைத் தொடங்கியது. சேர வேண்டுமானால் பழைய குடும்ப டாக்டரிடமிருந்து பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடிவந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயதுக்காரர்கள், நோய்நொடி குறைந்தவர்கள். முதியவர்களும் தீராத நோயாளிகளும் பழைய டாக்டரிடமே தங்கினார்கள். அந்த ஏற்பாடு ஓடியதே, அதிகம் வராத இளைஞர்களின் பணம் அடிக்கடி வருகிற முதியவர்களின் செலவை ஈடுகட்டியதால்தான். இளைஞர்களை உருவிக்கொண்டால் தெருமுனை டாக்டருக்கு வேலை குறையாது, வருமானம் மட்டும் குறையும். 2021-இல் நியூயார்க் பங்குச்சந்தையில் பலநூறு கோடி டாலர் மதிப்போடு நுழைந்த பாபிலோன், 2023-இல் திவாலாகிச் சேவை வேறொரு கம்பெனிக்குக் கைமாறியது.

நம்மூரில் அப்படிப் பெயர் பதியும் முறை இல்லை. ஆனால் அதன் தம்பி ஒருவன் இங்கேயும் உண்டு. டாக்டரின் நேரம் அளவானது. காலையில் ஓ.பி. வாசலில் வரிசை நிற்கும்போது, உள்ளே இருக்கும் டாக்டர் திரையையும் பார்க்க வேண்டும் என்றால், திரையில் போகிற ஒவ்வொரு நிமிடமும் வரிசையில் நிற்பவரின் நிமிடம். திரைக்கென்று தனி டாக்டர்களை நியமித்தால் நேரடி வைத்தியத்துக்குச் சேதமில்லை. இருக்கிற டாக்டர் தலையில் கூடுதலாகக் கட்டினால் சேதம். இந்த ஒரு நிர்வாக முடிவில்தான் ஒரு டெலிமெடிசின் திட்டத்தின் யோக்கியதை இருக்கிறது என்பேன்.

இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியா அரசு ஊழியர் காப்பீட்டில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து, சளி, இருமல் போன்ற தொல்லைகளுக்கு டெலிமெடிசினில் பேசியவர்களை ஆராய்ந்தார்கள். 12 சதவீத அழைப்புகள்தான் நேரில் போவதற்குப் பதிலாக வந்தவை. 88 சதவீதம், போன் இல்லாவிட்டால் டாக்டரிடமே போயிருக்காதவர்கள். 'பார்த்தீர்களா, செலவுதான் கூடுகிறது, கூட்டம் குறையவில்லை' என்று அங்கே இதற்கு அர்த்தம் சொன்னார்கள். எனக்கு அந்த 88-ஐப் பார்க்கும்போது மதுரையின் 93 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். தானாகச் சரியாகும் சளிக்கு ஒருவர் கூடுதலாக டாக்டரிடம் பேசினால் அது வீண்செலவு. சுகர் இருப்பதே தெரியாமல் இருப்பவர் முதல்முறையாக ஒரு டாக்டரிடம் பேசினால் அது லாபம். எண்ணிக்கை ஒன்றேதான், ஊரைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

காலி நாற்காலிக்குத் திரை போடுவதா?

நாட்டின் கிராமப்புறச் சமுதாய நல மையங்களில் இருக்கவேண்டிய சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இல்லை என்று 2021-22 மத்திய அரசு அறிக்கையே சொல்கிறது. அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், பொது மருத்துவம் என்ற நான்கும் இதில் அடக்கம். இந்தப் பள்ளத்தின் மேல் திரையைப் போர்த்தும் ஆசை எந்த ஆட்சியாளருக்கும் வரும். டாக்டரை நியமித்தால் சம்பளம், குடியிருப்பு, விடுப்பு, இடமாற்றச் சண்டை. திரைக்கு இதெல்லாம் இல்லை. மகப்பேறு மருத்துவர் இல்லாத மையத்தில் திரையில் மகப்பேறு மருத்துவர் வருகிறார் என்று சொல்லிவிடலாம். ரத்தப்போக்கோடு வருகிற கர்ப்பிணிக்குத் திரை என்ன செய்யும்? அங்கே தேவை மயக்க மருந்து டாக்டர், ரத்தம், தியேட்டர்.

தமிழ்நாட்டின் நிலைமை மற்ற பல மாநிலங்களைவிட மேல். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மண் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவருபவர் ஒரு மனுஷி, சுகாதாரத் தன்னார்வலர். கால் வீங்கியிருப்பதையும், 'மாத்திரை சாப்பிட்டேன்' என்ற பாட்டியின் சொல்லுக்கும் அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைக்கும் கணக்கு இடிப்பதையும் அவர் கண் பார்த்துவிடும். இதோடு டெலிமெடிசினை இணைத்தால், அதாவது அந்தத் தன்னார்வலர் பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து டாக்டரை அழைத்தால், திரைக்கு ஒரு மதிப்பு வரும்.

போகிறபோக்கில் இன்னொன்று. நேரில் டாக்டரைப் பார்க்கும் வாய்ப்பைக் கூட்டிய திட்டங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், சுகாதாரத் துறைப் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் மேலே வைப்பேன்: 2021 மே மாதம் வந்த, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். ஜி.எச்.சுக்குப் போக மகனிடம் பஸ் காசு கேட்கத் தயங்கிய அம்மாக்களை எத்தனை ஆப் வந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டிருக்காது.

திரையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டரிடம் சுகர் ரிசல்ட்டைக் காட்டி மாத்திரை அளவு கேட்பது, ஆபரேஷனுக்குப் பிந்தைய விசாரிப்பு, தோல் தடிப்பு, மனம் கலங்கும்போது மனநல உதவி எண் 14416-க்கு ஒரு போன்... இவற்றுக்கெல்லாம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இப்படி வரிசையிலிருந்து சிலர் விலகினால், நேரில் பார்த்தே ஆகவேண்டியவருக்கு டாக்டரின் நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சோர்ந்து கிடக்கும் கைக்குழந்தையின் காய்ச்சல், விடாத வயிற்றுவலி, கர்ப்பிணிக்கு ரத்தக்கசிவு, சுகர்காரர் காலில் ஆறாத புண்... இவற்றில் எதற்கும் வீடியோ காலைத் திறந்து நேரத்தை விரயம் செய்யாதீர்கள். அவசரமென்றால் 108. மற்றதற்கு நேரில் போங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் குடல்வாலை யூகிக்க முடியாது; புண்ணை முகர்ந்தும் தொட்டும் பார்க்காமல் அதன் ஆழம் தெரியாது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தனை கோடி ஆலோசனைகள் என்ற அறிவிப்பு போதும். இனி அதனோடு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்து, மாவட்டவாரியாக வெளியிடுங்கள்: திரையில் பார்த்தவர்களில் எத்தனை பேரை நேரில் போகச் சொன்னீர்கள்? அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? சொன்னவர்களில் பாதிப்பேர் போய்ச் சேராத மாவட்டத்தில் தேவைப்படுவது இன்னொரு கேமரா அல்ல, டாக்டரும் பஸ்ஸும்தான்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்தமுறை டாக்டரிடம் வீடியோவில் பேசும்போது, அழைப்பைத் துண்டிக்கும் முன் கேளுங்கள்: 'நேர்ல வரணுமா டாக்டர்? வரணும்னா எங்கே, என்னைக்கு, யாரைப் பார்க்கணும்?' பதிலை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், மறுநாள் காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.